வாய் கொப்பளித்ததும் ஜன்னலைச் சாத்திவிடலாமா? பல் மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நிர்வாகக் குழுவினருக்கும், முதல்வருக்கும், தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாத இறுதியில் எல்லாத் துறைகளின் அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையைப் பற்றியது இம்மடல். புறநோயாளிகள் அனைவரும் பதிவு மேசையருகே கிருமிநாசினி மவுத்வாஷால் வாய் கொப்பளித்த பிறகே உள்ளே அனுப்பப்படுவார்கள் என்கிறது அதன் முதல் பத்தி. அந்த நோக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. இரண்டாவது பத்தியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த ஏற்பாட்டால் சுவாச வைரஸ் பரவும் அபாயம் நீங்கிவிடுவதாகக் கூறி, பற்காறையை நீக்கும் ஸ்கேலிங்குக்கும் பல்லைக் குடையும் ஏரோட்டர் வேலைகளுக்கும் இதுவரை கொடுத்துவந்த, நுண்துகள்களை வடிகட்டும் என்95 முகக்கவசம் இனி இல்லை என்றும், சிகிச்சைக் கூடத்தின் ஜன்னல்களைச் சாத்தி ஏசி போடப்படும் என்றும், வாயில் எழும் தெறிப்பை வேகமாக உறிஞ்சும் உயர்திறன் சக்‌ஷன் கருவிகளின் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றும் அதே மூச்சில் அறிவித்திருக்கிறீர்கள். துறைக் கூட்டத்தில் இதைக் கேட்டேன். பிறகு எழுத்திலும் கேட்டேன். மவுத்வாஷ் 99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும் என்று பாட்டிலிலேயே அச்சிட்டிருக்கிறதே என்பதைத் தவிர வேறு விளக்கம் வரவில்லை. ஆகவே இந்த மருத்துவமனையில் வேலை செய்பவர்களும் சிகிச்சை பெறுபவர்களும் படிக்கும்படி வெளிப்படையாக எழுதுகிறேன்.

நான் ஈறு நோய்த் துறையில் மாணவர்களுக்குக் கற்பிப்பவர். எங்கள் துறையின் அன்றாட வேலையே ஸ்கேலிங்தான். ஸ்கேலரின் முனை விநாடிக்குச் சுமார் 25,000 முதல் 30,000 முறை அதிர்கிறது. அது சூடேறாமலிருக்க முனை வழியே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீர், எச்சிலையும் ஈற்றிலிருந்து கசியும் இரத்தத்தையும் சேர்த்துக்கொண்டு பொடித்துளிகளாகச் சிதறுகிறது. காலை நேர வேலை முடிந்து முகத்தடுப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், காய்ந்த துளிகளின் வெள்ளைப் புள்ளிகள் மூக்குக்கு நேராகத்தான் அதிகம் படிந்திருக்கும். நோயாளியின் மார்பில் விரித்த துணியிலும், விளக்கின் கைப்பிடியிலும், எதிரில் நிற்கும் உதவியாளரின் கண்ணாடியிலும் அதே புள்ளிகள் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற இவை கனமானவை, சீக்கிரம் கீழே விழுந்துவிடுபவை. இவற்றைவிடச் சிறிய துளிகள் காற்றிலேயே தங்கி, வரிசையாகப் போட்டிருக்கும் நாற்காலிகளுக்கு நடுவே இடுப்பளவுத் தடுப்புகள் மட்டுமே உள்ள எங்கள் கூடம் முழுவதும் உலவுகின்றன.

வாய் கொப்பளிப்பதால் பயனே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொரோனா வைரஸும் இன்ஃப்ளூயன்ஸா வைரஸும் கொழுப்பாலான மேலுறை கொண்டவை. அந்த உறை சிதைந்தால் வைரஸ் செயலிழந்துவிடும். வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் உள்ள கிருமிநாசினிகளான பொவிடோன் அயோடினும் செட்டில்பைரிடினியம் குளோரைடும் ஆய்வகக் குழாய்களில் அரை நிமிடத்துக்குள் அதைச் செய்துகாட்டியிருக்கின்றன. சிகிச்சைக்கு முன் வாய் கொப்பளித்தால் தெறிக்கும் துளிகளிலுள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சராசரியாகச் சுமார் 65 சதவீதம் குறைகிறது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று கூறியது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2020இல் கொடுத்த இடைக்கால வழிகாட்டுதலிலும் சிகிச்சைக்கு முந்தைய வாய் கொப்பளிப்பு இடம்பெற்றது. செலவு குறைவு, செய்வது எளிது, நோயாளிக்குத் தொல்லையும் அதிகமில்லை. எனவே அதைச் செய்யத்தான் வேண்டும். என் மாணவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் ஆய்வகக் குழாயில் நடப்பதெல்லாம் அப்படியே மனித வாயிலும் நடந்துவிடுவதில்லை. கொப்பளிக்கும் மருந்து வாய்க்குள் மட்டும் சுற்றி வெளியேறுகிறது. சுவாச வைரஸ்கள் பெருகும் மூக்கின் பின்புறத்தையும், மூச்சுக்குழாயையும், நுரையீரலையும் அது தொடுவதே இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் செல்களிலேயே கொரோனா வைரஸ் பெருக முடியும் என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. கொப்பளித்துத் துப்பிய சிறிது நேரத்தில் புதிய உமிழ்நீர் ஊறிவிடுகிறது என்பதை நினைவில் வைத்தால் இது எவ்வளவு முக்கியம் என்று புரியும். இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் மூச்சுக்காற்றை எந்த மவுத்வாஷும் கழுவிவிடாது. மேலுறையே இல்லாத ரைனோ வைரஸும் அடினோ வைரஸும் உறையைச் சிதைத்து வேலை செய்யும் மருந்துகளுக்கு எளிதில் மசிவதில்லை. சளிக்கும் காய்ச்சலுக்கும் அவையும் காரணம் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

செட்டில்பைரிடினியம் மவுத்வாஷை வைத்து ஸ்பெயினில் கொரோனா நோயாளிகளிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். அதில் உமிழ்நீரிலிருந்த வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவின் அளவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. உறை உடைந்தால் வெளியே கொட்டும் உட்புரதத்தின் அளவு மட்டும் கூடியிருந்தது. மருந்து வைரஸின் உறையை உடைத்திருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம், அது நம்பிக்கையூட்டும் முடிவுதான். அதை வைத்து என்95ஐப் பறிக்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி. பல் சிகிச்சையில் எழும் துளிகளைக் குறைக்கும் வழிகளைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 425 பேர் பங்கேற்ற 16 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் ஒன்றுகூட யாருக்காவது நோய் தொற்றியதா என்பதை அளக்கவில்லை. ஒன்றுகூட வைரஸை அளக்கவில்லை. எல்லாமே பாக்டீரியாக்களை எண்ணியவை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே, இந்தக் கொப்பளிப்பு மருத்துவப் பணியாளர்களுக்குத் தொற்று வராமல் தடுக்கிறதா என்பது தீராத கேள்வி என்று கூறிப் பரிந்துரை எதுவும் தராமல் விட்டது. பாட்டிலின் மேல் அச்சிட்ட 99.9 என்ற எண்ணுக்கும் எங்கள் கூடத்தின் காற்றுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது.

இனி, எங்கள் மருத்துவமனையில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து ஒருவராவது காலை ஒன்பதரை மணிக்குப் பதிவு மேசையருகே வந்து நின்று பார்த்தால், இந்தப் பத்தியை நான் எழுதவே தேவையிருக்காது. டோக்கன் வாங்கியவர்களிடம் ஒரு காகிதக் கோப்பையில் மருந்து ஊற்றிக் கொடுக்கப்படுகிறது. அவர்கள் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சுவரோரத்திலிருக்கும் ஒரே வாஷ் பேசினைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கிறார்கள். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவதால் வாயில் ஊற்றிய வேகத்திலேயே துப்பிவிடுகிறார்கள். ஒருவர் தொண்டையை உயர்த்திக் களகளவென்று கொப்பளிக்கும்போது பக்கத்தில் நிற்கும் குழந்தையின் முகம் அவருடைய முழங்கை உயரத்தில் இருக்கிறது. வைரஸ் பரவலைக் குறைக்கத் தொடங்கிய ஏற்பாடு, பலரும் முகக்கவசமின்றி ஒரே இடத்தில் கொப்பளித்துத் துப்பும் நெரிசலை உண்டாக்கியிருக்கிறது. அதன் பிறகு அவர்கள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து முறைக்காகக் காத்திருக்கிறார்கள். பதிவுச் சீட்டை நிரப்பி, எக்ஸ்ரே எடுத்து, ஆசிரியர் கையெழுத்திட்டு நாற்காலிக்கு வருவதற்குள் பெரும்பாலும் ஒரு மணி நேரம் கடந்துவிடுகிறது. அதற்குள் எத்தனை முறை புது உமிழ்நீர் ஊறியிருக்கும்! மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் முழு வாயையும் ஸ்கேலிங் செய்து முடிக்க இன்னொரு மணி நேரம் ஆகும். கொப்பளிப்பு நாற்காலியில் அமர்ந்த பிறகு, வேலை தொடங்குவதற்குச் சற்று முன்பு நடக்க வேண்டும். துப்புவதும் கோப்பைக்குள்ளோ சக்‌ஷன் குழாய் வழியாகவோ இருக்க வேண்டும். வேலை நீண்டால் நடுவில் இன்னொரு முறை கொப்பளிக்கச் சொல்ல வேண்டும்.

மருந்து கலக்கும் முறையும் கவலை தருகிறது. கடையில் கிடைக்கும் பெட்டாடின் கார்கிள் 2 சதவீதப் பொவிடோன் அயோடின். ஒரு பங்கு மருந்துக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.5 சதவீதமாகும், ஒன்பது பங்கு சேர்த்தால் 0.2 சதவீதமாகும். பதிவு மேசையில் இருப்பதோ ஐந்து லிட்டர் கேன் ஒன்று. அதன் மேல் மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, கலந்த தேதியும் இல்லை. அளவுக் குவளை கேட்டும் வாங்கித் தராத நிலையில் அங்கே பணியிலிருக்கும் தற்காலிக ஊழியர் நிறத்தைப் பார்த்து ஊற்றுகிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. கார்கிள் தீர்ந்துபோன நாட்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு வருகிறது. மருந்துக் கடைகளில் 20 வால்யூம் என்று விற்கப்படும் அது 6 சதவீதக் கரைசல். சரியாகக் கலக்காவிட்டால் வாயின் சவ்வு வெந்துபோகும். வெளிச்சம் பட்டால் சிதைந்து வெறும் தண்ணீராகும் அந்த மருந்தை வெள்ளைக் கேனில் ஜன்னலோரம் வைத்திருக்கிறார்கள். அதோடு, கொரோனா வைரஸைப் பொவிடோன் அயோடின் 15 விநாடியில் செயலிழக்கச் செய்த அதே ஆய்வகச் சோதனையில் 1.5 சதவீத, 3 சதவீதப் பெராக்சைடின் விளைவு மிகக் குறைவாகவே இருந்தது. ஒன்று தீர்ந்தால் இன்னொன்று என்று மாற்றிக்கொள்ளக்கூடிய சரக்குகளாக இவற்றைக் கருதக் கூடாது.

யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற கேள்வி பதிவு மேசையில் எழுவதே இல்லை. தைராய்டு கோளாறுக்குச் சிகிச்சையில் இருக்கும் ஓர் அம்மா எங்கள் துறைக்கு வந்தார். அவருடைய பையில் மருத்துவரின் சீட்டும் மாத்திரை அட்டையும் இருந்தன. கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தார்கள். வாசலில் வாய் கொப்பளித்தீர்களா என்று கேட்டேன். "ஆமாங்க, பழுப்பா ஒண்ணு குடுத்தாங்க, கொஞ்சம் உள்ளயும் போயிடுச்சு" என்றார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அயோடின் ஒவ்வாமை உள்ளவர்கள், தைராய்டு நோயாளிகள், கர்ப்பிணிகள், விழுங்கிவிடக்கூடிய சிறு குழந்தைகள் ஆகியோருக்குப் பொவிடோன் அயோடினைத் தவிர்க்க வேண்டும் என்பது எங்கள் மாணவர்கள் தேர்வில் எழுதும் பதில். நம் வாசலிலேயே அந்தப் பதில் செல்லுபடியாகவில்லை என்றால், நாங்கள் எந்த முகத்தோடு அவர்களுக்குப் பாடம் நடத்துவது?

ஜன்னல்களுக்கு வருகிறேன். எனக்கு மிகுந்த வேதனை தருவது இதுதான். உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஆகஸ்ட்டில் பல் சிகிச்சைக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலில்தான், பரிசோதனைக்கு முன் 1 சதவீதப் பெராக்சைடிலோ 0.2 சதவீதப் பொவிடோன் அயோடினிலோ 20 விநாடி கொப்பளிக்கச் சொல்லும் வரி இருக்கிறது. சுற்றறிக்கை அந்த வரியை எடுத்துக்கொண்டிருக்கிறது. காற்றோட்டம் போதுமான அளவு இருக்க வேண்டும், உள்காற்றையே சுழற்றும் ஸ்பிளிட் ஏசிகளைத் தவிர்க்க வேண்டும், துளிகள் எழும் சிகிச்சைகளில் என்95க்கு இணையான முகக்கவசம் வேண்டும், உயர்திறன் சக்‌ஷனைப் பயன்படுத்த வேண்டும் என்பவையும் அதே ஆவணத்தில்தான் இருக்கின்றன. தமக்கு வசதியான ஒரு வரியை மட்டும் பிடுங்கிக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டு, அந்த ஒரு வரியையே மற்றவற்றை நீக்குவதற்கான காரணமாகவும் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

காற்று மாறுவதன் கணக்கு எளிமையானது. ஓர் அறையின் காற்று மணிக்கு 12 முறை மாறினால், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும். 6 முறை மாறினால் 46 நிமிடம் ஆகும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணை இது. எல்லா ஜன்னல்களையும் சாத்தி ஸ்பிளிட் ஏசி மட்டும் ஓடும் கூடத்தில் வெளிக்காற்று ஏறக்குறைய வருவதே இல்லை. சுற்றறிக்கைக்குப் பிறகு கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி என் மேசையில் வைத்தேன். வெளியே வராந்தாவில் பத்து லட்சத்தில் 450 பங்கு அளவில் நிற்கும் எண், நண்பகலில் கூடத்துக்குள் 2,000ஐத் தாண்டுகிறது. நாங்கள் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அந்த எண் சொல்கிறது. நோயாளிகளுக்கு வியர்க்கிறது, பார்வையிட வருபவர்களுக்குக் கூடம் குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் புரிகிறது. அதற்கு மின்விசிறியும் வெளியேற்றும் விசிறியும் சேர்ந்த தீர்வு இருக்கிறது. நம் பராமரிப்புப் பிரிவின் பொறியாளரே அதை வரைந்து கொடுத்திருக்கிறார்.

ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வை நீங்கள் எடுத்துக்காட்டக்கூடும் என்பதால் அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அறிகுறியற்ற சிலருடைய உமிழ்நீரில் கொரோனா வைரஸ் இருந்தும், சிகிச்சையில் எழுந்த துளிகளில் அது தென்படவில்லை, துளிகளின் பெரும்பகுதி கருவியிலிருந்து வந்த தண்ணீர்தான் என்று 2021இல் அந்த ஆய்வு காட்டியது. பல் மருத்துவர்களுக்கு ஆறுதல் தந்த முடிவு அது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதே நோயாளி முகக்கவசமின்றிப் பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் காற்றுக்கு அந்த முடிவு பொருந்தாது. அந்தக் காற்றுக்கு மருந்து, திறந்த ஜன்னலும் முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் கவசமும்தான். சக்‌ஷனைப் பொறுத்தவரை, வாய்க்கு அருகில் சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் தெறிப்பை அது குறைக்கக்கூடும் என்று மேலே சொன்ன காக்ரேன் தொகுப்பு கூறுகிறது. வேலை செய்பவரின் மூக்கு இருப்பது அந்தத் தூரத்தில்தான். எங்கள் கூடத்தில் இப்போது பாதிக் கருவிகளில் உயர்திறன் குழாய் அடைத்துக்கொண்டு, எச்சிலை மட்டும் இழுக்கும் மெல்லிய குழாயை வைத்து ஸ்கேலிங் நடக்கிறது.

இந்த முடிவுகளின் சுமையைத் தாங்குபவர்கள் நிர்வாக அறையில் இல்லை. நோயாளியின் வாய்க்கு ஒரு முழம் தள்ளி நிற்கும் பயிற்சி மருத்துவர்களும், குழாயைப் பிடிக்கும் உதவியாளர்களும், துப்பு தொட்டியைக் கழுவும் துப்புரவுத் தொழிலாளர்களும்தான் தாங்குகிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எங்கள் துறையில் காய்ச்சலும் இருமலும் வரிசையாகப் பலரைப் பிடித்தது. அது கூடத்தில் தொற்றியதா, விடுதியில் தொற்றியதா, பேருந்தில் தொற்றியதா என்று நான் வாதாட வரவில்லை. ஒப்பந்த ஊழியருக்குக் காய்ச்சல் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி இல்லை என்பதால் அவர் இருமிக்கொண்டே வேலைக்கு வருகிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் பல்லைச் சரிசெய்துகொள்ள அனுப்பப்படும் நோயாளிகள் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருகிறார்கள். நோயாளிகளின் ரசீதில் "கிருமித் தடுப்புக் கட்டணம்" என்று ஒரு வரி சேர்ந்திருப்பதையும் பார்த்தேன். பாதுகாப்புக்கென்று பணம் வாங்கிக்கொண்டு பாதுகாப்பைக் குறைப்பதை அவர்களிடம் எப்படி விளக்குவீர்கள்?

ஆகவே என் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறேன்.

சுற்றறிக்கையின் இரண்டாவது பத்தியை உடனடியாகத் திரும்பப் பெறுங்கள். ஸ்கேலிங், ஏரோட்டர், அறுவைச் சிகிச்சை வேலைகளில் ஈடுபடும் மருத்துவர், மாணவர், உதவியாளர் அனைவருக்கும் என்95 வழங்குவதை மீண்டும் தொடங்குங்கள். துப்புரவுத் தொழிலாளர்களையும் அதில் சேருங்கள், அவர்கள் முன்பும் விடுபட்டிருந்தார்கள். கூடத்தின் ஜன்னல்களைத் திறக்க உத்தரவிடுங்கள். பொறியாளர் வரைந்து கொடுத்த வெளியேற்றும் விசிறித் திட்டத்துக்கு இந்த நிதியாண்டிலேயே பணம் ஒதுக்குங்கள். கரியமில வாயு அளவுக் கருவியைக் கூடத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டுங்கள். சக்‌ஷன் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, உயர்திறன் குழாய் வேலை செய்யாத நாற்காலியில் ஸ்கேலிங் செய்யக் கூடாது என்று எழுத்தில் அறிவியுங்கள்.

வாய் கொப்பளிப்பைப் பதிவு மேசையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுங்கள். மருந்தின் பெயர், அடர்த்தி, கலந்த தேதி ஆகியவை எழுதிய, மருந்தகத்தில் கலந்து மூடிய பழுப்புப் பாட்டில்கள் மட்டுமே துறைகளுக்கு வரட்டும். கோப்பையில் ஊற்றுவதற்கு முன் தைராய்டு, ஒவ்வாமை, கர்ப்பம் பற்றிய மூன்று கேள்விகளைத் தமிழில் அச்சிட்டு நோயாளியின் சீட்டிலேயே சேருங்கள். அயோடின் ஆகாதவர்களுக்குச் செட்டில்பைரிடினியம் மவுத்வாஷை இருப்பில் வையுங்கள். அரை நிமிடத்தை எண்ண ஒவ்வொரு நாற்காலியருகிலும் ஒரு கடிகாரம் போதும்.

காய்ச்சலோடு வரும் நோயாளிக்கு வலி நிவாரணம் கொடுத்து அவசரமற்ற சிகிச்சையைத் தள்ளிவைக்கும் அதிகாரத்தைப் பணியிலிருக்கும் மருத்துவரிடமே விடுங்கள். காய்ச்சலில் விடுப்பு எடுக்கும் ஒப்பந்த ஊழியருக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். "கிருமித் தடுப்புக் கட்டணம்" என்ற வரியை ரசீதிலிருந்து நீக்குங்கள். இதுவரை வசூலித்த தொகை எதற்குச் செலவானது என்பதையும் அறிவிப்புப் பலகையில் போடுங்கள்.

தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் உதவியாளர்களின் பிரதிநிதி ஒருவரும் பயிற்சி மருத்துவர்களின் பிரதிநிதி ஒருவரும் இடம்பெற வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் இம்மடலை விவாதப் பொருளாகச் சேர்த்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று காரணத்தோடு இம்மாத இறுதிக்குள் எழுத்தில் பதிலளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈறு நோய்த் துறை ஆசிரியர்